சம்பந்தி தந்த சிலோன் படம்

என் மகளின் மாமியாரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவவுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. நடுவில் நின்ற என் கணவரும் மகளும் மருமகனும் இதைப் பாஷைப் பிரச்சினை என்று சொல்லிச் சமாளித்தார்கள். பாஷை வேறு என்பது உண்மைதான். ஆனால் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்ப்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

மகளும் அந்தப் பெடியனும் இங்கே சுவிஸில், லோசான் நகரத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். கலியாணம் செய்வதென்று தாங்களே முடிவெடுத்துவிட்டு எங்களுக்குச் சொன்னார்கள். பெடியனில் எனக்குக் குறை இல்லை. அமைதியானவன், எங்கள் வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைப்பான். அவனுக்குத் தகப்பன் இல்லை. தாய் மட்டும்தான். அந்த மனுசி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா.

அவவின் வீடு மேட்டில், ஏரியைப் பார்த்தபடி இருந்தது. நாங்கள் இருப்பது நகரத்தின் மற்றப் பக்கம், தண்டவாளங்களுக்கு அருகே நாலாம் மாடியில். என் கணவர் பஸ் ஓட்டுகிறார். நான் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி போக்கி, தட்டுகளில் அடுக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். என் பிரெஞ்சு வேலைக்குப் போதும். சண்டைக்குப் போதாது என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

எங்களுக்காக என்று சொல்லிச் சோறும் கறியும் சமைத்திருந்தா. மஞ்சள் கிறீமுக்குள் கோழி, அதற்குள் அன்னாசித் துண்டும் வாழைப்பழமும். "உங்கள் ஊர்ச் சாப்பாடு," என்றா. என் கணவர் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். அவர் அப்படித்தான். யார் மனமும் நோகக்கூடாது என்று நினைத்து நினைத்தே என்னை நோகடிக்கிற மனுசன்.

சாப்பாடு முடிந்ததும் அவ உள்ளே போய், பெரிய சட்டம் போட்ட படம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தா. வெல்வெட் துணியால் மூடியிருந்தது. மேசை நடுவில் நிறுத்தித் துணியை இழுத்தா.

"இது உங்களுக்கு. உங்கள் நாடு!"

கல்லில் வரைந்து அச்சடித்து, பிறகு கையால் வர்ணம் பூசின பழைய படம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரிஸில் ஓர் ஓபரா மேடையேறியதாம். அதில் வந்த ஒரு காட்சியை இப்படி அச்சடித்து விற்றார்களாம். இதைப் பெடியன்தான் எனக்கு ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி விளக்கினான்.

படத்தில் கடற்கரைப் பாறை ஒன்று. அதற்கு மேல் ஓர் இடிந்த கோயில். கோயில் வாசலில் சிங்கத் தலையும் நிறையக் கைகளுமாக ஒரு சிலை. சைவக்காரரும் கிறிஸ்தவ வேதக்காரரும் எந்தக் காலத்திலும் கும்பிட்டிராத சாமி. நடுவில் ஒரு பெண். தலையிலிருந்து மெல்லிய முக்காடு ஒன்று விழுந்தது. அதற்குக் கீழே உடுப்பென்று சொல்ல அதிகம் இல்லை. அவள் காலடியில் முத்துக் குளிக்கிறவர்கள் அரைநிர்வாணமாகச் சரிந்து கிடந்தார்கள். கடலில் இறங்கப் போகிற அவர்கள் எல்லாருக்கும் தலைப்பாகை. அடியில் வளைந்த எழுத்தில் "சிலான்" என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது.

"இவள் கோயில் கன்னி," என்று அவ தொடங்கினா. "ஒவ்வொருவரின் கயிற்றையும் இவள் தொட்டு ஆசீர்வதித்தால்தான் அவர்கள் கடலில் இறங்குவார்கள். ஆனால் ஒருவன்மேல் இவளுக்குக் காதல் வந்துவிடுகிறது. அது பாவம். அதனால் அவனுடைய கயிறு மட்டும் அறுந்துபோகிறது. அந்த இடத்தில் சபை முழுக்க அழும், மதாம். அவ்வளவு அழகு!"



நான் மன்னார்த் தீவில் பிறந்தவள். எங்கள் கரையில் முத்து எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் ஆம்பிளைகள் சங்குக்கு இறங்குவார்கள். என் அண்ணையும் இறங்கினார். ஒரு நாள் படகு திரும்பி வந்தது, அண்ணை வரவில்லை. கூடப்போன இரண்டு பேரும் அவர் இறங்கினதைக் கண்டார்கள், ஏறினதைக் காணவில்லை. கடற்படைக்குப் பயந்து அதிக நேரம் நின்று தேடவும் இல்லை. நாங்கள் உடம்பில்லாமல் பூசை வைத்தோம். சபை முழுக்க அழுகிற அழகு ஒன்றும் அதில் இருக்கவில்லை.

இதையெல்லாம் அன்றைக்கு அவவுக்குச் சொல்லவில்லை. சொல்ல விருப்பமும் இல்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "அந்தக் கரையில் இப்படிக் கோயில் இல்லை. அங்கே எங்கள் ஆட்கள் கத்தோலிக்கர். அந்தோனியார் கோயில்தான் இருக்கிறது," என்றேன்.

அவ தலையைச் சரித்துச் சிரித்தா.

"இது ஓபரா, மதாம். பூகோளப் பாடம் இல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இளம் வயதில் தான் அந்த ஓபராவின் கூட்டுப் பாடகிகளில் ஒருத்தி என்று அவ சொன்னா. முகத்துக்கும் கைகளுக்கும் மண்ணிறப் பூச்சுப் பூசிவிடுவார்களாம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாதாம். படுக்கை விரிப்பெல்லாம் மண்ணிறமாம். "ஒரு குளிர்காலம் முழுக்க நானும் சிலோன்காரியாக இருந்தேன்!" என்று சொல்லித் தன் வெள்ளைக் கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டிக் காட்டினா.

நான் என் கையை மேசைக்குக் கீழே எடுத்துவிட்டேன்.

கணவர்தான் "மெர்சி, மெர்சி" என்று படத்தை வாங்கினார். மெட்ரோவில் அதைக் கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வந்தார். கோயில் கன்னி எதிர்ச் சீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இதை எங்க கொழுவப் போறீர்?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஹோலுக்குள்ள கொழுவுவம். அவ வந்தால் பாக்கட்டும். ஒரு படம்தானே அப்பா."

"ஹோலுக்குள்ள ஆண்டவரின்ர திருஇருதயப் படம் இருக்கு. அதுக்குப் பக்கத்தில இந்த உடுப்பில்லாதவளைக் கொழுவினால் நான் இந்த வீட்டில இருக்கமாட்டன்."

படம் அலுமாரிக்குப் பின்னால் போனது.

கலியாண அலுவல்கள் கதைக்க அவ எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு ஆப்பிள் கேக். சப்பாத்தைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை. சுவர் சுவராகப் பார்த்தா. திருஇருதயத்தைப் பார்த்தா, மகளின் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்தா, கலண்டரைப் பார்த்தா.

"எங்கே?" என்று கேட்டா.

என் கணவர் ஏதோ பொய் சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திவிட்டேன்.

"அலுமாரிக்குப் பின்னால்."

மகள் என்னை முறைத்தாள். கணவர் ஓடிப்போய்ப் படத்தை இழுத்து எடுத்தார். ஒரு மூலையில் ஈரம் பட்டுக் காகிதம் மஞ்சளாகி ஊதியிருந்தது. அந்தச் சுவர் குளியலறைச் சுவர். எனக்கு அது தோன்றவில்லை. அவ கழுத்துத் துண்டால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தா. பிறகு கைத்தொலைபேசியை எடுத்து மேலும் கீழும் படம் பிடித்தா. பழுதை மகனுக்குக் காட்டப் போகிறா என்று நினைத்தேன்.

"நீங்கள் உங்கள் நாட்டை நினைத்து வெட்கப்படுகிறீர்கள்," என்றா. சத்தம் போடவில்லை. வைத்தியர் நோயைச் சொல்கிற மாதிரிச் சொன்னா.

"அது என் நாடு இல்லை. அது உங்கள் ஆட்கள் கீறினது," என்றேன்.

"கலையைப் பார்க்க ஒரு பழக்கம் வேண்டும்."

"ஒரு வீட்டுக்குள் வருகிறதுக்கும் பழக்கம் வேண்டும்," என்று அவவின் சப்பாத்தைப் பார்த்தேன்.

கேக்கை ஒருவரும் வெட்டவில்லை. மகள் அவவைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து என்னோடு சண்டை பிடித்தாள்.

"அம்மா, ஏன் இப்பிடிச் செய்யிறீங்கள்? அவ ஆசையாத் தந்தது."

"அவவுக்கு ஆசை எண்டால் அவ வச்சிருக்கட்டும். எனக்கேன் தாறா?"

"உங்களுக்கு அவவில கோவமோ, படத்தில கோவமோ?"

"ரெண்டிலயும்," என்றேன். "நீர் சிரிச்சதிலயும்."

எப்போது சிரித்தேன் என்று அவளுக்கு நினைவில்லை. அதை நம்பவும் முடியவில்லை எனக்கு.

கலியாணம் வைகாசியில் நடந்தது. கோயிலில் பூசை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. பிறகு மண்டபத்தில் சாப்பாடு. சாப்பாடு எங்கள் பொறுப்பு, மேசை அலங்காரம் பெடியன் பகுதியின் பொறுப்பு என்று பிரித்திருந்தோம். ஆட்டுக்கறியும் றோல்ஸும் வந்துவிட்டனவா என்று நான் குசினிப் பக்கம் நின்றபோது என் மச்சாள், கணவரின் தங்கை, என்னைத் தேடிக்கொண்டு வந்தா. எம்மன்புரூக்கேயிலிருந்து விடியவே வெளிக்கிட்டு வந்தவ. கையில் மடித்த அட்டை ஒன்று.

"என்ன மச்சாள் இது? மகளின்ர மாமியார் எங்களை எல்லாம் சேலை இல்லாமல் மேசையில இருத்தியிருக்கிறா!"

வாங்கிப் பார்த்தேன். சாப்பாட்டு அட்டை. முன்பக்கத்தில் அதே பாறை, அதே சாமி, அதே முக்காட்டுக்காரி. அடியில் "சிலான்". அதற்குக் கீழே தங்க எழுத்தில் மகளின் பெயரும் மருமகனின் பெயரும். என் வீட்டில் நின்று பிடித்த படத்தைத்தான் அச்சடித்திருந்தா. கவனித்துப் பார்த்தால் மூலையில் அந்த ஈரப் பழுதுகூடத் தெரிந்தது.

மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பையிலும் ஒவ்வோர் அட்டை. எங்கள் சனம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதிரியார் தன் அட்டையைக் குப்புற வைத்துவிட்டு அதற்கு மேல் கண்ணாடிக் குவளையை வைத்திருந்தார். சில இளந்தாரிகள் சிரித்தார்கள்.

குசினியில் ஒரு வெள்ளைக் குப்பைப் பை கிடந்தது. அதை எடுத்து உதறிக்கொண்டு முதல் மேசைக்குப் போனேன். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அட்டைகளை எடுத்துப் பைக்குள் போட்டேன். அடுத்த மேசை. அதற்கடுத்த மேசை. எங்கள் சனம் தாங்களே நீட்டினார்கள். அவர்களுடைய சனம், சாப்பாட்டில் ஏதோ பிழை என்று நினைத்ததோ என்னவோ, பேசாமல் தந்தது.

மூன்றாவது மேசையில் அவ பையின் மற்ற நுனியைப் பிடித்தா.

"என்ன செய்கிறீர்கள்?"

"துப்புரவாக்குகிறேன்."

"இது என் மகனுக்கும் கலியாணம்."

"இது என் மகள்," என்று மகள் இருந்த பக்கம் காட்டினேன். பிறகு அட்டையைக் காட்டினேன். "இவள் இல்லை."

"நான் உங்களைக் கௌரவிக்கத்தான் செய்தேன்! முதல் நாளிலிருந்து அதைத்தான் செய்கிறேன். நீங்கள் என்னை ஒரு எதிரி மாதிரி..."

அவ பையை விடவில்லை. நானும் விடவில்லை. எனக்குப் பிரெஞ்சு முழுக்க மறந்துபோனது. தமிழில் சொன்னேன், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"உம்மட கௌரவத்தைக் கொண்டுபோய் ஏரியில போடும்!"

அவ என் கணவரைத் திரும்பிப் பார்த்து, என்ன சொன்னா என்று கேட்டா. அவர் தனக்குக் காது கேட்காதது மாதிரி நின்றார். பக்கத்தில் நின்ற மருமகனின் முகம் சிவந்துபோயிருந்தது. அவனுக்கு அவ்வளவு தமிழ் விளங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மகள் எழும்பி வந்தாள். சேலைக்கு மாறியிருந்தாள், கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வேகமாக நடந்து வந்தாள். முதலில் மாமியாரிடம் பிரெஞ்சில் சொன்னாள்.

"இது மேசையில் இருக்காது. என்னிடம் கேட்டிருக்க வேண்டும்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர் ஒரு நிமிசம்கூட நிலைக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் என்னட்டக் கேக்கேல்லை, அம்மா. பையை வச்சிட்டு இருங்கோ. ரெண்டு பேரும் ஒரே மேசையில இருங்கோ. இல்லாட்டி ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ. சனத்துக்குச் சாப்பாடு குடுக்கவேணும்."

அவள் அந்தக் குரலில் கதைத்து நான் கேட்டதில்லை. மிச்ச அட்டைகளை அவளே எடுத்தாள். நானும் அந்த மனுசியும் ஒரே மேசையில், ஒரு கதிரை இடைவெளியில், கேக் வெட்டும் வரைக்கும் இருந்தோம். அவ ஆட்டுக்கறியைத் தொடவில்லை. நான் அவவின் பகுதி கொண்டுவந்த வைனைத் தொடவில்லை. எங்களை ஒன்றாக வைத்துப் படமெடுக்க வந்த கமராக்காரன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

கோடை முடியும்போது மகள் சொன்னாள், மாமி படத்தைத் திரும்பக் கேட்கிறா என்று. தானே வந்து எடுத்துக்கொண்டுபோய்க் குடுக்கிறேன் என்றாள். நான் விடவில்லை. வேலை இல்லாத ஒரு பிற்பகல், படத்தைப் படுக்கை விரிப்பால் சுற்றி, மெட்ரோவில் ஏற்றி, ஏற்றத்தில் மூச்சு வாங்கச் சுமந்துகொண்டு போய் அவவின் மணியை அடித்தேன்.

அவ கதவைத் திறந்தா. உள்ளே வரச் சொல்லவில்லை. நான் படத்தைச் சுவரில் சாத்தி வைத்தேன். திரும்பி வந்துவிடத்தான் நினைத்தேன்.

"கயிறு அறுகிற இடத்தில் சனம் அழும் என்று சொன்னீர்கள்," என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனங்கள் அவை; பிழையில்லாமல் வந்தன. "என் அண்ணை அந்தக் கடலில் இறங்கினவர். திரும்பி வரவில்லை. எங்கள் அம்மா அழவில்லை. அடுத்த நாளும் கரைக்குப் போய் நின்றா. அதற்கடுத்த நாளும். அதில் அழகு இல்லை, மதாம்."

அவ கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றா.

"ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"நீங்கள் சிரித்தீர்கள்."

"உங்கள் மகளும் சிரித்தாள்."

எங்கே குத்தினால் நோகும் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. நான் திரும்பினேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் அவ கதைக்கத் தொடங்கினா. எனக்காக மெதுவாகக் கதைக்கிற வழக்கமான கதை இல்லை. வேகமாக, கோபமாக.

அந்தக் குளிர்காலம்தான் தான் மேடையில் நின்ற ஒரே காலம் என்றா. அடுத்த வருடம் கலியாணம். கட்டினவருக்குப் பெண்சாதி மேடையில் நிற்பது பிடிக்கவில்லை. பாட்டை விட்டுவிட்டுப் போகும்போது கூடப்பாடின பெண்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த படம் அது. அவர் உயிரோடிருந்த காலம் முழுக்கப் படுக்கையறைக்குள் மட்டும் மாட்ட விட்டிருக்கிறார்.

"என்னிடம் இருந்ததில் எனக்கு மிகவும் பிடித்ததை உங்களுக்குத் தந்தேன். நீங்கள் அதை ஈரச் சுவரோடு சாத்தி வைத்தீர்கள்."

"நான் கேட்கவில்லையே," என்றேன்.

"இல்லை. கேட்கவில்லை," என்றா. கதவைச் சாத்தினா.

இறக்கத்தில் நடந்து வரும்போது அந்த மனுசி சொன்னது எனக்கு முழுக்க விளங்கியது. பெண்சாதியைப் பாடவிடாத புருஷனை விளங்க நான் வெள்ளைக்காரியாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் விளங்கினது வேறு, பிடிக்கிறது வேறு. என் அண்ணை போன கடலை அவ சிங்காரம் பண்ணி என் சுவருக்குக் கொண்டுவந்தா. அவவுடைய ஒரே குளிர்காலத்தை நான் அலுமாரிக்குப் பின்னால் தள்ளினேன். இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இனியும் கேட்போம் என்று நான் நினைக்கவில்லை.

அவ அந்தப் படத்தைத் தன் வீட்டு நடையில் மாட்டியிருக்கிறா. மூலையைத் திருத்தக் கொடுக்கவில்லை. பழுது அப்படியே இருக்கிறது. நான் பார்க்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறா என்று என் மச்சாள் சொல்கிறா. மகளுக்காக எப்போதாவது அங்கே போக நேர்ந்து, நான் அந்த நடையால் போகும்போது பார்ப்பதும் இல்லை, பார்க்காமல் விடுவதும் இல்லை.

இப்போது எங்களுக்கு ஒரு பேரன். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். செவ்வாயில் பிள்ளையை நான் வைத்திருக்கிறேன், வியாழனில் அவ. மகளின் வீட்டுக் கதவடியில் சில வேளை ஒருத்தரையொருத்தர் சந்திக்க வேண்டியிருக்கிறது. "போன்ஜூர், மதாம்." "போன்ஜூர், மதாம்." சாப்பிட்டான், நித்திரை கொண்டான், காய்ச்சல் இல்லை. அதற்கு மேல் இல்லை. பிள்ளைக்கு முன்னால் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அது மட்டும் ஒருவரும் சொல்லாமலே இரண்டு பேரும் ஒத்துக்கொண்டது.

நான் அவன் தலைக்கு நல்லாய்த் தேங்காயெண்ணெய் வைத்து வாரிவிடுகிறேன். அவ வியாழக்கிழமை ஏதோ பூ வாசமடிக்கிற ஷாம்புவைப் போட்டு அதைக் கழுவிவிடுகிறா. அடுத்த செவ்வாய் நான் திரும்பவும் வைக்கிறேன், முந்தினதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.